‘பத்திரிகை’யும் ‘இதழு’ம்: ஒரு சொல்வரலாறு

செய்தித்தாளைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்கள் இரு நோக்கில் அமைந்தன. 1855இல் பெர்சிவல் பாதிரியார் சென்னையில் தொடங்கிய ‘தினவர்த்தமானி’யின் பெயர், நிகழ்காலத்தை உணர்த்தும் ‘வர்த்தமானம்’ என்னும் வடசொல்லினின்று பிறந்தது. அது செய்தியை நோக்கிய பெயர். இலங்கையில் அரசிதழின் பெயராக ‘வர்த்தமானி’ இன்றும் வாழ்கிறது. ‘பத்திரிகை’யோ இலையைக் குறிக்கும் ‘பத்திரம்’ என்பதன் வழிவந்தது. எழுதப்படும் பொருளை நோக்கியது.

தனித்தமிழ் உணர்வு வளர்ந்த 20ஆம் நூற்றாண்டில் இதற்கு மாற்றாக ‘இதழ்’ பரவியது. இம்மாற்றம் வெறும் வடசொல் விலக்கு எனக் கருதப்படுவதுண்டு. ஆயின், தொல்காப்பிய மரபியல் ஏட்டையும் இதழையும் புல்லின உறுப்புகளாக ஒருங்கே எண்ணுகிறது. எனவே, மாறியது மொழியே. இலையில் எழுதிய மரபின் நினைவு இரு சொற்களிலும் ஒன்றாகவே நிற்கிறது.