குற்றவாளி (சொல் வழக்கு)

குற்றவாளி என்பது சட்டம் தடை செய்த செயலொன்றைச் செய்தவர் என நீதிமன்றத்தால் தீர்மானிக்கப்பட்ட நபரைக் குறிக்கும் சொல் ஆகும். பேச்சு வழக்கிலும் செய்திகளிலும் கைது செய்யப்பட்டோர் அனைவரையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு. ஆயினும் சட்ட நோக்கில் இது பிழையான வழக்காகும். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றமற்றவராகவே கருதப்பட வேண்டும் என்பது இந்தியா, இலங்கை உள்ளிட்ட பல நாடுகளின் குற்றவியல் நீதிமுறையின் அடிப்படைக் கொள்கையாகும்.

பழந்தமிழ் இலக்கியத்தில்

திருடுவோரைக் கள்வர் என்றும், வழிப்போக்கரைத் தாக்கிப் பொருள் பறிப்போரை ஆறலை கள்வர் என்றும் பழந்தமிழ் நூல்கள் குறிப்பிடுகின்றன. சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன், பொற்கொல்லனின் சொல்லை நம்பி, முறையாக விசாரிக்காமலே கோவலனைக் கள்வன் எனக் கொண்டு கொலைத் தண்டனை விதிக்கிறான். கண்ணகியின் சிலம்பிலிருந்த மாணிக்கப் பரல் அவ்வாறு அழைத்தது தவறென மெய்ப்பிக்கிறது.

வழக்கின் நிலைகளும் சொற்களும்

ஒரே நபர் வழக்கின் வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படுகிறார்.

* சந்தேக நபர் - குற்றத்தில் தொடர்புடையவராக ஐயுறப்படுபவர்.
* குற்றம் சாட்டப்பட்டவர் - குற்றச்சாட்டுக்கு உள்ளானவர். நீதிமன்ற ஆவணங்களில் எதிரி எனவும் வழங்கப்படுவார்.
* விசாரணைக் கைதி - தீர்ப்புக்கு முன் சிறையில் வைக்கப்பட்டிருப்பவர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் இவ்வகையினர்.
* தண்டனைக் கைதி - குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறைத் தண்டனை அனுபவிப்பவர்.

மேல்முறையீட்டில் விடுதலை பெற்றவரைக் குற்றவாளி என அழைத்தல் பொருந்தாது. இதற்கு மாறாக, கடுங்குற்ற வழக்குகளில் நீதிமன்ற அறிவிப்புக்குப் பின்னும் முன்னிலையாகாதவர், தீர்ப்புக்கு முன்னரே 'அறிவிக்கப்பட்ட குற்றவாளி' எனப்படுகிறார்.

சிறார்

இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், குற்றமிழைத்த சிறார் எனப் பொருள்படும் தொடரைப் பயன்படுத்தியது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 'சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்' என்றும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'சட்டத்திற்கு முரண்பட்ட குழந்தை' என்றும் மாற்றப்பட்டது. 18 வயது நிறைவடையாதவர் வாழ்நாள் முழுவதும் குற்றவாளி என்ற பெயரைச் சுமக்கலாகாது என்பதே இதன் நோக்கம். இத்தகைய சிறாரின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

பிறப்பால் சுமத்தப்பட்ட பெயர்

பிரித்தானிய ஆட்சியில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம், தனி மனிதரின் செயலைக் கருதாது, முழுச் சமூகங்களையே குற்றத் தன்மை உடையவையாக அறிவிக்க வழிவகுத்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இம்முறை சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் கைரேகை பதிவு செய்யவும், தம் நடமாட்டத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். இதனால் மக்களிடையே இது கைரேகைச் சட்டம் எனப் பெயர் பெற்றது. இப்பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பலர் கொல்லப்பட்டனர்.

சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், இந்தியா முழுவதும் 1952ஆம் ஆண்டிலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சமூகத்தினர் தமிழ்நாட்டில் சீர்மரபினர் என அழைக்கப்படுகின்றனர். எனினும் பழைய கருத்து சிறை விதிகளில் நீடித்தது. இச்சமூகங்களைச் சேர்ந்தோரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என இந்திய உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது.

இவற்றையும் பார்க்க

* குற்றவியல்
* சீர்மரபினர்
* சிலப்பதிகாரம்