சொல்லுக்குத் தீவு உண்டு, விட்டிலுக்கு இல்லை

தமிழில் விட்டில் என்றால் விளக்கு நினைவுக்கு வரும்; அந்து என்றால் நெல்மூட்டை. இரண்டும் மனிதரின் வாழிடத்துக்குள் வந்த பூச்சியின் பெயர்கள். காட்டிருளில் பறக்கும் விட்டில்கள் அந்தமான், நிக்கோபார் தீவுகளில் ஏட்டில் ஏறியது காலனிய ஆட்சியில்தான்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஃபிரெடரிக் அடால்ஃப் டி ரோப்ஸ்டார்ஃப். டென்மார்க்கைச் சேர்ந்த இவர் பிரிட்டிஷாரின் தண்டனைக் குடியிருப்பில் அதிகாரியாக இருந்தார். சொற்களையும் உயிரினங்களையும் ஒருங்கே சேகரித்தார். தீவு மொழிகளின் சொற்பட்டியல் 1875-இல் வெளிவந்தது. அவர் சேகரித்த பூச்சிகளையும் ஆராய்ந்து, ஃபிரெடரிக் மூர் 1877-இல் இத்தீவுகளின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றி லண்டனில் விரிவான கட்டுரை வெளியிட்டார். 1883-இல் கமோர்ட்டா தீவில் சிப்பாய் ஒருவர் ரோப்ஸ்டார்ஃபைச் சுட்டுக் கொன்றார். அவர் விட்டுச்சென்ற நிக்கோபாரிய அகராதியை மனைவி பதிப்பிக்க, 1884-இல் கல்கத்தாவில் அச்சேறியது.

நிக்கோபாரிய மொழிகள் தீவுக்குத் தீவு வேறுபடுபவை. ஆதலால் அந்த அகராதி தன் தலைப்பிலேயே ‘நான்கௌரி வழக்கு’ என்று இடம் சுட்டியது. விட்டில்களுக்கு அந்த நுணுக்கம் வாய்க்கவில்லை. நீலகிரியில் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை எழுதிய நான்கு தொகுதிகளே இந்திய விட்டிலியலின் அடித்தளம். அவற்றில் பல இனங்களின் வாழிடம் ‘அந்தமான்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. எந்தத் தீவு, எந்தக் காடு, எந்த மாதம் என்பதை அச்சொல் சொல்லாது.

இன்று மழை ஓய்ந்த மாதங்களில், நிலவில்லா இரவில், காட்டோரம் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கேற்றும் ஆய்வாளர் இட்டு நிரப்புவது இந்த இடைவெளியைத்தான். துணியில் வந்தமரும் ஒவ்வொன்றுக்கும் இடமும் நாளும் நேரமும் குறிக்கப்படுகின்றன. ஒளிப்படம் எடுத்தபின் பெரும்பாலானவற்றை மீண்டும் இருளுக்குள் விட்டுவிடலாம்.

இது வெறும் பட்டியல் வேலையன்று. கிரேட் நிக்கோபார் திட்டத்துக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தை ஒதுக்க 2022-இல் முதற்கட்ட ஒப்புதல் வழங்கப்பட்டது. அங்கே எதை இழக்கவிருக்கிறோம் என்று கேட்பவருக்கு ‘நிக்கோபார்’ என்ற பழைய சீட்டு விடையாகாது. ஒரு குறிப்பிட்ட காட்டில் ஓர் இனம் இருந்தது என்று எழுதிவைத்தால்தான், அது பின்னர் அங்கே இல்லாமற்போனதையும் எழுத முடியும்.