விரவல் மாதிரிகளால் பட மீட்டெடுப்பு

சிதைந்த ஒளிப்படங்களையும் அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்ட காணொளிகளையும் தெளிவாக்கக் கையாளப்படும் செயற்கை நுண்ணறிவு முறைகளுள் டிஃப்யூஷன் எனப்படும் விரவல் மாதிரி குறிப்பிடத்தக்கது. ஒரு படத்தில் இரைச்சலை, அதாவது தற்செயலான புள்ளிக் குலைவைப் படிப்படியாகச் சேர்த்து அப்படத்தை முற்றிலும் அழித்து, அதே வழியில் திரும்பிவர நரம்பணு வலையமைப்பொன்றைப் பயிற்றுவிப்பதே இதன் அடிப்படை. வெப்ப இயக்கவியலிலிருந்து பிறந்த இக்கருத்தை 2015இல் ஜாஷா சோல்-டிக்ஸ்டீனும் உடனாய்வாளர்களும் முன்வைத்தனர். 2020இல் ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகிய பெர்க்லி ஆய்வாளர்கள் 1000 படிகளில் இரைச்சலை நீக்கித் தரமான படங்களை உருவாக்கிக் காட்டிய பின்னரே அது வேரூன்றியது.

மீட்டெடுப்பின் சிக்கல் ஜேபெக் சுருக்கத்தில் நன்கு விளங்கும். அம்முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளின் கெழுக்களாக மாற்றி, அக்கெழுக்களைத் தோராயமாக்கிச் சேமிப்பதால், நுண்விவரங்கள் கோப்பிலிருந்து நிரந்தரமாக நீங்கிவிடுகின்றன. எனவே ஒரே கோப்புக்கு மூலமாக இருந்திருக்கக்கூடிய படங்கள் பல. அவற்றின் சராசரியைக் கணித்த முந்தைய வலையமைப்புகள் மெழுகு பூசியது போன்ற முகங்களைத் தந்தன. விரவல் மாதிரியோ அவற்றுள் இயல்பான ஒன்றைத் தெரிந்தெடுப்பதால், தோலின் நுண்கோடும் துணியின் இழையும் மீண்டும் தோன்றுகின்றன.

இவ்வகை மாதிரிகளுள் கூகுள் ஆய்வாளர்களின் எஸ்ஆர்3 (2021) தாழ்தெளிவுப் படத்தையே வழிகாட்டியாகக் கொண்டு பயிற்றப்பட்டது. டிடிஆர்எம் (2022) என்னும் முறை, சிதைவின் வகை தெரிந்திருக்குமானால், முன்பே பயின்ற மாதிரியை மறுபயிற்சியின்றி ஏற்று, ஒவ்வொரு படியிலும் விளைவைக் கிடைத்த படத்தோடு இணங்கச் செய்கிறது. ஆயினும் இணக்கம் என்பது உண்மையன்று: மங்கிய வாகன எண்ணிலோ முகத்திலோ தோன்றும் தெளிவு மாதிரியின் ஊகமாக இருக்கக்கூடுமாதலால், அதைச் சான்றாகக் கொள்வது மிகவும் ஆபத்தானது. இயல்பான தோற்றமும் மூலத்தோடு ஒத்த துல்லியமும் ஓரெல்லைக்கு மேல் ஒருங்கே வாய்க்கா என்பதை யோகாய் பிளாவும் தோமர் மிகாயிலியும் 2018இல் கணித முறையில் நிறுவினர்.

காணொளியில் மாதிரியின் ஊகமே புதிய இடராகிறது. எச்.264 போன்ற காணொளிச் சுருக்கத் தரங்கள் பெரும்பாலான சட்டகங்களை அண்டைச் சட்டகங்களிலிருந்து கணித்து, அசைவையும் எஞ்சிய வேறுபாட்டையும் மட்டும் சேமிப்பதால், ஒன்றின் பிழை அடுத்ததற்குத் தொற்றுகிறது. சட்டகங்களைத் தனித்தனியே மீட்டால், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விவரம் முளைத்து, ஓடும் காட்சி மினுக்குகிறது. இதைத் தடுக்க, 2024இல் வெளிவந்த அப்ஸ்கேல்-ஏ-வீடியோ போன்ற முறைகள் காலவழி அடுக்குகளை வலையமைப்பில் சேர்த்து, பிக்சல்களின் நகர்வைக் கணித்து, ஒரு சட்டகத்தில் அமைந்த விவரத்தை அடுத்ததற்குக் கடத்துகின்றன.