குதிரையும் கடிவாளமும்

துப்பறியும் நாவலில் கதாநாயகன் சட்டைப் பையிலிருந்து 'சட்'டென்று ரிவால்வரை எடுப்பான், விசையை அழுத்துவான், வில்லன் சாய்வான். அத்தனை ஓட்டத்திலும் குதியிலும் அது பையிலேயே ஏன் வெடிக்கவில்லை என்று எந்த வாசகரும் கேட்டதில்லை. எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. விடை தேடியபோது ஒரு சரித்திரமே கிடைத்தது.

தோட்டாவின் அடியில் அறையும் சிறு சுத்தியலுக்கு நம்மவர் இட்ட பெயர் 'குதிரை'. கோல்ட் கம்பெனியார் 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்குக் கொடுத்த ரிவால்வரில், குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் விசையின் மேல்நுனி அதன் அடியிலுள்ள ஒரு வெட்டில் பதிந்துகொள்ளும். வில்லின் பலம் முழுவதையும் தாங்குவது அந்த மெல்லிய விளிம்புதான். அது தேய்ந்தாலோ, விசை இலேசாக இருக்கட்டுமென்று யாராவது அளவு மீறி ராவிவிட்டாலோ, விரல் படாமலே குதிரை பாய்ந்துவிடும்.

குதிரையை இழுக்காமல் வைத்தால் ஆபத்தில்லையே என்பீர்கள். அப்போது அதன் மூக்கு தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் ஓர் அடி பட்டால் போதும். சற்றே தூக்கி நிறுத்துவதற்கென்று ஒரு காப்பு வெட்டும் உண்டு. ஆனால் துப்பாக்கி கீழே விழுகிற வேகத்தில் அந்த வெட்டோ விசையின் நுனியோ முறிந்துபோகலாம்.

1876 ஜனவரி 9 அன்று, கான்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் போலீஸ்காரர் ஒருவர் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். இடுப்பு உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுந்தது. குதிரை தோட்டாவின் மேல் இருந்தபடியால் 'படீர்' என்று வெடித்தது! குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் மோதி, கூரை வழியாக வெளியேறியது. அவர் வேறு யாருமல்ல. 1881-இல் டூம்ஸ்டோன் சண்டையால் பெயர் பெற்ற வயட் எர்ப்தான். அவருக்கே இந்தக் கதி! அதனால்தான் விவரமறிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, காலி அறையின் மேல் குதிரையை இறக்கி வைத்தார்கள்.

மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பிய பாதுகாப்பு அது. 1890-களில் ஐவர் ஜான்சன் கம்பெனியார் அந்தப் பொறுப்பை எஃகிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் செய்த ரிவால்வரில் குதிரை ஊசியைத் தொடவே தொடாது. விசையை முழுவதும் அழுத்தினால்தான் ஒரு சிறு தகடு எழும்பி, குதிரையின் அடியை ஊசிக்குக் கொண்டு சேர்க்கும். குதிரையைச் சுத்தியால் அடித்தாலும் வெடிக்காது என்பதுதான் அவர்கள் விளம்பரம். மேற்கத்திய பாணி ரிவால்வர்களை 1953 முதல் செய்துவந்த ரூகர் கம்பெனி, அவற்றில் இத்தகைய தகட்டை 1973-இல்தான் வைத்தது. அதற்குள் எத்தனை கால்கள், எத்தனை உயிர்கள் பலியாயினவோ!

1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரில் ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்டதும் ஐவர் ஜான்சன் ரிவால்வர்தான். எட்டாம் நாள் அவர் மாண்டார். தகட்டின் மேல் குற்றமில்லை. கைதவறி விழும் துப்பாக்கிக்குத்தான் அது கடிவாளம். விசையை அழுத்தும் விரலுக்கு அல்லவே!