நெய்யூர் நோயேடு சொல்லும் பாடம்

ஹதீஸ் கலையைக் கற்கப் புகும் மாணவனுக்கு உஸ்தாத் முதற்கண் புகட்டும் பாடம், ரிவாயத் வேறு, திராயத் வேறு என்பதாகும். கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கேட்டவாறே எடுத்துரைப்பது ரிவாயத். அதன் பொருளையும் தரத்தையும் ஆராய்ந்து முடிவு காண்பது திராயத். இவ்வேறுபாடு மருத்துவ ஆராய்ச்சிக்கும் உயிர்நாடி என்பதை நம் குமரி மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு காட்டுகிறது.

தக்கலையிலிருந்து சில கல் தொலைவில், திங்கள்சந்தையை அடுத்துள்ளது நெய்யூர். 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணையும்வரை இவ்வட்டாரம் திருவிதாங்கூரின் தென்கோடியாக விளங்கியது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் இங்கு வந்து மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860-களில் ஜான் லோ என்பவர் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் வகுப்பொன்றை நிறுவினார். அயல்நாட்டு மருத்துவர் ஓரிருவரால் மட்டும் ஆகிற காரியமன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1922-இல் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் பங்குகொண்ட ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து வருகையில் நெய்யூரை அடைந்தார். நோயாளிகளின் கூட்டத்தையும், அதற்கு ஈடுகொடுக்க இயலாத மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வைத் துறந்து இவ்வூரையே தம் பணிக்களமாக ஏற்றார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் ஏறி, செயற்கை உயிர்வளியின்றியே ஏறத்தாழ 28,000 அடி உயரம் எட்டியவர், திரும்பி வந்து நெய்யூரில் அறுவைக் கத்தியைக் கையிலெடுத்தார்.

அங்கு அவர் ஓயாது கண்ட நோய் முன்சிறுகுடற்புண். வயிறு காலியானதும் வலி எழும். நள்ளிரவில் துயிலைக் கெடுக்கும். ஒருவாய்க் கஞ்சி குடித்தால் சற்றே அடங்கும். நாளடைவில் குடல்வாய் சுருங்கி, உண்டதெல்லாம் வாந்தியாகும். புண் துளைத்துக்கொண்டால் உயிருக்கே இறுதி. உழைத்து உண்ணும் ஏழை மக்களே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். இரைப்பையைச் சிறுகுடலின் இடைப்பகுதியோடு இணைத்துப் புதுவழி அமைக்கும் அறுவையால் சாமர்வெல்லும் அவருடன் பணியாற்றிய ஓர் என்பவரும் பலரை மீட்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றிய தம் பதிவுகளை ஆராய்ந்து, 1936-இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் இருவரும் கட்டுரை வெளியிட்டனர்.

எதனால் இந்நோய் இங்கு மிகுந்தது? சாமர்வெல் உணவை நோக்கினார். மரச்சீனிக்கிழங்கும் காரமான குழம்புமே ஏழையின் அன்றாட உணவு. பாலும் பருப்பும் கீரையும் அரிது. குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன், பல வட்டாரத்து உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்திருந்தார். திருவிதாங்கூர் ஏழையின் உணவை உண்ட எலிகளிடம் புண் மிகுதியாகவும், சென்னைப் பகுதி உணவை உண்டவற்றிடம் குறைவாகவும் தோன்றியது. பஞ்சாப் உணவை உண்டவற்றிடம் தோன்றவில்லை. இதனால் உணவே காரணம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அரை நூற்றாண்டு கழிந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், நோயாளரின் இரைப்பையில் வளைந்த வடிவுள்ள ஒரு கிருமி குடிகொண்டிருப்பதைக் கண்டு, 1982-இல் அதனை வளர்த்தும் காட்டினர். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்று மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. 1984-இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே பருகினார். சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். ஹெலிகோபாக்டர் பைலோரி எனப் பெயர்பெற்ற அக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஆயுட்காலத் துன்பம் என்று கருதப்பட்ட நோய், இரண்டு வார மருந்தால் பெரும்பாலும் தீரக்கூடியதாயிற்று.

அங்ஙனமாயின் நெய்யூர் ஏடுகள் வீணாயினவா? இல்லை. அக்கிருமி வடஇந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் ஒப்பவே பரவியிருந்தது; புண்ணோ அந்நாளில் தெற்கிலேயே மிகுந்திருந்தது. கிருமி ஒன்றே முழு விடையாயின் இவ்வேறுபாடு ஏன்? மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் அறுவை மருத்துவர், சில உணவுகளில் புண்ணைத் தடுக்கும் பொருள்கள் உண்டா என்று நெடுங்காலம் ஆராய்ந்தார். இக்கேள்வி பிறந்ததே சாமர்வெல் போன்றோர் எழுதிவைத்த பதிவுகளால்தான். அவர் கண்ட காரணம் முழுமையன்று. அவர் கண்ட காட்சியோ உண்மை. அவருடைய திராயத் திருத்தம் பெற்றது, ரிவாயத் நிலைத்து நின்றது.

ஹிஜ்ரி 313-இல் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சல் நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மறுசாராரை வேண்டுமென்றே அங்ஙனம் செய்யாது விட்டும் ஒப்பிட்டதாகத் தம் குறிப்பில் எழுதிவைத்துள்ளார். அவர் கண்ட முடிவை இன்று எவரும் ஏற்பதில்லை. எனினும் ஒப்பிட்டறியும் அவ்வழியே இன்றைய மருத்துவத்தின் அடித்தளம்.

நம் இல்லங்களுக்கும் இதில் பாடம் உண்டு. வயிற்றுப்புண் வந்தவரைப் பார்த்து, "காரம் தின்றாய், கவலைப்பட்டாய்" என்று அவர் மீதே பழி சுமத்துவது நம் வழக்கம். கிழங்கும் மீனும் உண்டு உழைத்த நம் முன்னோர், நோயின் வலியோடு இப்பழியின் வலியையும் சுமந்தனர். இன்று பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. மூட்டுவலிக்கென்று மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி விழுங்கும் வலிநீக்கி மாத்திரைகளும் இப்புண்ணுக்குப் பெருங்காரணம் என்பதை முதியோர் அறிதல் வேண்டும். மலம் கருத்துப் போனாலோ, வாந்தியில் குருதி கண்டாலோ ஒருபொழுதும் தாமதித்தலாகாது. நோன்பு நாட்களில் வலியை மறைத்துப் பொறுப்பவர்க்கும் இதையே சொல்வேன். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பெறுவது குறையாகாது.

மருத்துவரிடம் செல்கையில், எப்போது வலித்தது, என்ன உண்டோம், எந்த மாத்திரையை விழுங்கினோம் என்பதை உள்ளவாறே சொல்வோம். நாமாகக் கற்பித்த காரணத்தை அதனோடு கலவாதிருப்போம். கண்டதைக் கண்டவாறே சொல்வது நோயாளியின் ரிவாயத். காரணம் காண்பது மருத்துவரின் திராயத்.