ஒரு மாறிலியின் பாடபேதம்

‘குவேக் 3 அரீனா’ என்னும் கணினி விளையாட்டின் மூலநிரலில், தலைகீழ் வர்க்கமூலத்தை விரைந்து கணிக்கும் சிறு செயற்கூறு ஒன்று உண்டு. அதன் கர்த்தாவைத் தேடிப் புறப்பட்ட ரிஸ் சொம்மெஃபெல்ட், 2006-இன் இறுதியிலும் 2007-இன் தொடக்கத்திலும் வெளியிட்ட இரு கட்டுரைகளில், அவ்விளையாட்டை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் அது தம்முடையதன்று என மறுத்ததையும், சிலிக்கன் கிராஃபிக்ஸில் பணியாற்றிய கேரி டரோலி அது தம் விசைப்பலகை வழியே கடந்து சென்றதென்றும் அதிலுள்ள மாறிலியைத் தாம் சிறிது திருத்தியிருக்கக் கூடுமென்றும் சொன்னதையும் பதிவு செய்து, முடிவில் 1980-களின் பிற்பகுதியில் ஆர்டென்ட் கம்ப்யூட்டரில் இருந்த கிரெக் வால்ஷிடம் அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சாட்சிகளை நேரில் வினவிய அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. அவரின்றி இவ்விஷயத்தில் நமக்கு ஆதாரமே இராது. ஆயினும், நூலுக்கு ஆசிரியர் ஒருவரே என்னும் அனுமானத்தோடு தொடங்கிய அத்தேடல், டரோலியின் வாக்கை அடுத்த சாட்சியிடம் செல்வதற்கான படியாக மட்டுமே கொண்டதை என்னால் ஏற்க இயலவில்லை. டரோலி தொட்டிருக்கக் கூடுமெனச் சொன்ன இடமோ அம்மாறிலி. ஆராய்ச்சி நிற்கவேண்டிய இடமும் அதுவே.

நிரலில் பதினாறடிமானத்தில் எழுதப்பட்டுள்ள அந்த எண், பதின்மத்தில் 1597463007. ஒரு பின்ன எண்ணின் 32 பிட்டுகளை முழுஎண்ணாகப் படித்தால் அதன் மடக்கைக்கு அண்மையான மதிப்பு கிட்டும். அதனை ஓரிடம் வலப்புறம் நகர்த்திப் பாதியாக்கி, மாறிலியிலிருந்து கழித்து, நியூட்டன் முறையை ஒருமுறை செலுத்தினால், பிழை 0.18 சதவீதத்திற்குள் அடங்கிவிடுகிறது. 2003-இல் இதனை ஆராய்ந்த கிறிஸ் லோமோன்ட், 1597463174 என்பது இதனினும் நுண்ணிய அளவில் சிறந்தது எனக் கண்டார். இரண்டிற்கும் இடையே வித்தியாசம் 167. மிகப்பெரும் பிழையைக் குறைக்கும் நோக்கத்துடன் முறையாக வருவிக்கப்பட்ட எண்ணாயின் இவ்வளவு நெருங்கி வந்தும் இலக்கைத் தவறவிட்டது ஏன்? மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்துத் திருத்திய கை ஒன்றின் சுவடே இது என்பது என் துணிபு. வேறோர் அளவுகோலைக் கொண்டு வருவித்திருக்கலாம் என்னும் ஆட்சேபத்தை முற்றிலும் விலக்க முடியாதெனினும், திருத்தியிருக்கக் கூடுமெனத் தாமே சொல்லும் ஒருவர் இருக்கையில் முகம் தெரியாத அளவுகோலை நாடுவது நியாயமன்று.

அடுத்த வரியையும் கவனிக்க வேண்டும். நியூட்டன் முறையின் இரண்டாம் சுற்று அங்கே எழுதப்பட்டு, நீக்கிவிடலாம் என்ற குறிப்புடன், ஏட்டில் அடிக்கப்பட்டும் அழிக்கப்படாத வரிபோல, செயலற்று நிற்கிறது. அதிகத் துல்லியம் வேண்டியவர் ஒருவரும் விரைவு வேண்டியவர் ஒருவருமாக இருவர் இதனைக் கையாண்டனர் எனக் கொள்வதே இயல்பு. எனினும் வரியை அடைத்தது எந்த அலுவலகத்தில் என்பதை இவ்வரி சொல்லாது.

பிட்டுகளை முழுஎண்ணாகப் படிக்கும் இத்தந்திரம் செல்லுபடியாவதற்குக் காரணமோ 1985-இல் யாவரும் அறிய வகுக்கப்பட்ட ஐஈஈஈ 754 நியமம்: குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 8, பின்னப்பகுதிக்கு 23. இவ்வமைப்பு நிறுவனந்தோறும் வேறுபட்டிருந்தால் ஒரே மாறிலி ஊர்விட்டு ஊர் சென்றிராது. 1992-இல் தன் சொந்த வரைகலை முறையிலிருந்து ஓப்பன்ஜிஎல் என்னும் பொது நியமத்தை உருவாக்கிய சிலிக்கன் கிராஃபிக்ஸில் இருந்த டரோலியே, பின்னர், கிளைட் என்னும் சொந்த இடைமுகத்தைக் கட்டிக்காத்த த்ரீடிஎஃப்எக்ஸின் நிறுவனர்களுள் ஒருவரானார். நிறுவனங்கள் எதனை மூடி வைத்தன, எதனைத் திறந்துவிட்டன என்னும் கணக்கில் அடங்காமல், இச்செயற்கூறு பொறியாளர் கைகளிலேயே பயணம் செய்தது. குவேக் 3-இன் முழு மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் பொது உரிமத்தில் வெளியிட்டது 2005 ஆகஸ்டில்; லோமோன்டின் ஆய்வோ அதற்கு இரண்டாண்டு முந்தியது. ஆதலின், 2005-இல் ஒரு ரகசியம் வெளிப்பட்டதென்று எழுதுவோர் காலவரிசையையே பிறழக் கூறுகின்றனர்.

காலத்தைப் பொறுத்தவரை, வர்க்கமூலத்துக்கு இத்தகைய பிட் தந்திரத்தை வில்லியம் கஹானும் கே. சி. இங்கும் எழுதிவைத்த 1986-ஐ மேலெல்லையாகவும், விளையாட்டு விற்பனைக்கு வந்த 1999-ஐக் கீழெல்லையாகவும் கொள்ளலாம். அதற்குள் மாறிலி இன்றைய வடிவை எய்திய ஆண்டைக் குறிக்க நான் துணியவில்லை. ஆர்டென்ட் காலத்துப் பிரதி ஒன்று கிடைத்து, அதிலும் 1597463007 என்றே காணப்படுமாயின் என் வாதம் வீழும். வேறோர் எண் காணப்படின், கர்த்தாக்களின் வரிசையில் டரோலிக்கும் ஓரிடம் தந்தாக வேண்டும்.