ரிலே முதல் பி.எல்.சி. வரை

பெங்களூரைத் தொழில் நகராக்கிய ஆலைகள் பல. அவற்றுள் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-ஆம் ஆண்டில் ஜாலஹள்ளியில் தோன்றிய எச்.எம்.டி. தொழிற்சாலையும் தலைசிறந்தவை. பிழைப்பு நாடி வந்த தமிழர் பலருக்கு இத்தகைய ஆலைகளும் இரயில்வேயும் வாழ்வளித்தன. அக்காலத்தில் தொலைபேசி நிலையம் முதல் இரயில் நிலையம் வரை மூளையாய் விளங்கியது ரிலே என்னும் சிறு கருவியாகும்.

கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி இரும்புத் துண்டை இழுக்கும். அதனால் வேறொரு மின்சுற்று இணையும், அல்லது துண்டிக்கப்படும். இவ்வளவே ரிலே. பல ரிலேக்களைக் கம்பியால் பிணைத்தால், "இன்னது நிகழ்ந்தாலன்றி இன்னது நிகழாது" என்னும் விதி உருவாகும். தண்டவாளப் பாயிண்ட் உரிய நிலையில் பூட்டப்பெற்றாலன்றி, வண்டிக்கு வழிவிடும் சிக்னல் எரியாது என்பது அவ்வகை விதியே.

ஆயின், விதியை மாற்ற வேண்டுமெனில் கம்பிகளை அவிழ்த்து மீண்டும் பூட்டவேண்டும். கார்களின் மாதிரி அடிக்கடி மாறிய அமெரிக்காவில் இது பேரிடராயிற்று. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு மாற்றுக் கருவியொன்றை வேண்டிற்று. டிக் மார்லி என்பாரும் அவர்தம் தோழரும் 1969-இல் 'மோடிகான் 084' என்பதை அளித்தனர். அவர்களுடைய 84-ஆவது பணியாதலின் அவ்வெண் அமைந்தது. பி.எல்.சி. எனப்படும் கருவிகளின் முன்னோடி இதுவே. இதில் விதி நினைவகத்தில் எழுதப்படுகிறது. அதனை மாற்றக் கம்பியைத் தொட வேண்டுவதில்லை.

அவர்கள் செய்த மற்றொரு செயலே போற்றத்தக்கது. தொழிலாளர் அறியாத புதுமொழியைப் புகுத்தாது, அவர்கள் நாளும் கண்ட ரிலே வரைபடத்தையே கருவியின் மொழியாக்கினர். இரு நெடுங்கோடுகளுக்கிடையே படிகள் அமைந்த அப்படம் ஏணிபோல் தோன்றுதலின் 'லேடர்' எனப்பட்டது. பட்டம் பெறாத எலெக்ட்ரீஷியனும் அதனைப் படித்தறிய இயன்றது.

கம்பி பூட்டிய கைகளுக்கு வேலை குறைந்தது மெய்யே. எனினும் பழைய தொழிலறிவு வீணாகவில்லை. புதியதைக் கற்பிப்பார் ஒருவர் வாய்த்தாற் போதும், அது கைகொடுக்கும். நம் காலனியில் ரிலே அறிந்த பெரியோர் உளர், பி.எல்.சி. அறிந்த இளைஞரும் உளர். அவர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் கூடி, ஐ.டி.ஐ. பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆகாதா? நிர்வாகக் குழுவினர் ஆவன செய்வாராக!

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!